தண்ணீரும் தண்ணீரும் கலக்க மறுக்கும்போது: நீர்க் கரைசல்கள் இரண்டாகப் பிரிவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய் தண்ணீரோடு கலக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எண்ணெய் ஒரு சொட்டும் இல்லாமல், பெரும்பகுதி தண்ணீராகவே உள்ள இரண்டு கரைசல்கள் கண்ணாடிக் குழாயில் மேலும் கீழுமாகப் பிரிந்து நிற்கும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. வேதியியல் படித்தவர்களில்கூட இதைக் கேள்விப்படாதவர்கள் உண்டு. உயிரணுவின் உள்ளே நடப்பது வரை இது நீள்வதால், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எதை "பிரிந்துவிட்டது" என்று சொல்லலாம்?

கலவையின் ஒரு பகுதியில் எந்த இடத்தில் துளி எடுத்தாலும் ஒரே செறிவும் ஒரே அடர்த்தியும் இருந்தால், அந்தப் பகுதி முழுவதும் ஒரு நிலைமை. ஒரே பாத்திரத்தில் அப்படி இரண்டு திரவப் பகுதிகள், நடுவே கூர்மையான எல்லையுடன் சமநிலையில் இருந்தால் அது திரவ-திரவப் பிரிவு.

சமநிலை என்பதுதான் இங்கே முக்கியம். கெட்டியான சர்க்கரைக் கரைசலின் மேல் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினாலும் இரண்டு அடுக்கு தெரியும். ஆனால் அது பிரிவு அல்ல, இன்னும் கலக்காத கலவை, அவ்வளவுதான். ஒருமுறை குலுக்கினால் கலந்துவிடும், பிறகு எத்தனை நாள் வைத்தாலும் பிரியாது. உண்மையான பிரிவில் எவ்வளவு குலுக்கினாலும், கீழே வைத்துக் காத்திருந்தால் அதே இரண்டு அடுக்குகள் அதே அளவில் திரும்ப வரும். சந்தேகம் வந்தால் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது.

இரண்டு பக்கமும் தண்ணீர்தான் என்றால், ஏன் பிரிகின்றன?

உண்மையில் பிரிவது தண்ணீர் அல்ல, அதில் கரைந்திருப்பவை. தண்ணீர் இரண்டு பக்கமும் போகிறது.

எந்தக் கலவையிலும் இரண்டு விஷயங்கள் போட்டியிடுகின்றன. ஒன்று, கலந்து கிடப்பதற்கான வாய்ப்புகளின் எண்ணிக்கை. இதைத்தான் என்ட்ரோபி என்கிறோம். கலைந்து பரவியிருக்க ஆயிரம் வழி, ஒதுங்கி நிற்கச் சில வழிகளே என்பதால், என்ட்ரோபி பொதுவாகக் கலப்பதன் பக்கம் இழுக்கும். இன்னொன்று, மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு விரும்புகின்றன என்பது. வேறு வகை மூலக்கூறின் பக்கத்தில் இருப்பதைவிடத் தன் வகையின் பக்கத்திலோ தண்ணீரின் பக்கத்திலோ இருப்பது ஆற்றல் கணக்கில் லாபம் என்றால், அது பிரிவதன் பக்கம் இழுக்கும்.

உப்பு, சர்க்கரை போன்ற சிறிய மூலக்கூறுகளில் பெரும்பாலும் என்ட்ரோபி ஜெயித்துவிடுகிறது. பல சிறு அலகுகள் சங்கிலியாகக் கோத்த பாலிமர்கள் வரும்போது நிலவரம் தலைகீழாகிறது. முத்துகளை உதிரியாகத் தட்டில் கொட்டினால் ஒவ்வொன்றும் தன் போக்கில் உருண்டு எங்கும் பரவும். அதே முத்துகளை மாலையாகக் கோத்துக் கொட்டினால் ஒன்று போகும் இடத்துக்குத்தான் அடுத்ததும் போக முடியும். பாலிமர் சங்கிலியின் நிலையும் அதுதான். மூலக்கூறு எடை 5 லட்சம் உள்ள டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பாலிமரில், ஒரு சங்கிலியில் சுமார் 3,000 குளுக்கோஸ் அலகுகள் கோத்திருக்கின்றன. மூலக்கூறு எடை 8,000 உள்ள பாலிஎத்திலீன் கிளைக்காலில் (இனி பெக் என்கிறேன்) சுமார் 180 அலகுகள். அத்தனை அலகுகள் சேர்ந்து ஒரே மூலக்கூறாக நகர்வதால், கலப்பதில் கிடைக்கும் என்ட்ரோபி லாபம் மிகச் சிறியதாகிவிடுகிறது. ஆனால் அலகுக்கு அலகு உள்ள சின்ன வெறுப்பு மட்டும் சங்கிலி நெடுகக் கூடிக்கொண்டே போகிறது. அதனால் இரண்டு பாலிமர்களும் தனித்தனியே தண்ணீரில் நன்றாகக் கரைந்தாலும், ஒரே தண்ணீரில் சேர்ந்து கரைய மறுக்கின்றன. இந்தக் கணக்கை 1940களின் தொடக்கத்தில் பால் ஃபுளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும் தனித்தனியாக எழுதினார்கள். இன்றும் இந்தத் துறையின் முதல் பாடம் அதுதான்.

ஒவ்வொரு பாலிமரும் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை வேறு விதமாக அடுக்கி வைக்கிறது என்பதும் ஒரு காரணம். அதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சங்கிலி நீளத்தின் பங்கில் அப்படிச் சர்ச்சை எதுவும் இல்லை.

இதை முதலில் கவனித்தது யார்?

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பணியாற்றிய நுண்ணுயிரியலாளர் மார்ட்டினஸ் பெய்யெரிங்க், 1896ல். ஜெலட்டின் கரைசலையும் அகர் அல்லது கரையும் ஸ்டார்ச் கரைசலையும் சேர்த்தபோது அவை கலங்கி, பிறகு இரண்டு அடுக்காகப் பிரிந்ததை அவர் பதிவு செய்தார். வைரஸ் ஆராய்ச்சியின் முன்னோடி என்று பெயர் பெற்றவர் அவர். இந்தக் கண்டுபிடிப்பைப் பெரும்பாலானோர் மறந்துவிட்டார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து ஸ்வீடன் நாட்டு உயிர்வேதியியலாளர் பெர்-ஓக்கே ஆல்பர்ட்சன் பெக்-பாஸ்பேட், பெக்-டெக்ஸ்ட்ரான் கலவைகளில் அதே பிரிவைக் கண்டு, புரதங்களையும் உயிரணுக்களையும் பிரித்தெடுக்கும் கருவியாக மாற்றினார். பெய்யெரிங்க் கண்டதற்குப் பயன் கிடைத்தது அவரால்தான்.

ஒரு பாலிமர் மட்டும் இருந்தால் பிரியாதா?

உப்பு துணைக்கு வந்தால் பிரியும். ஆனால் எல்லா உப்பும் இதற்கு உதவாது. 1888ல் ப்ராக் நகரில் ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டர் முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தை வைத்து, எந்த உப்பு எவ்வளவு எளிதாக அதை நீரிலிருந்து வெளியே தள்ளுகிறது என்று வரிசைப்படுத்தினார். சல்பேட், பாஸ்பேட், சிட்ரேட் ஆகியவை வலுவாகத் தள்ளுபவை. குளோரைடு நடுத்தரம். அயோடைடு, தயோசயனேட் போன்றவை எதிர்ப்பக்கம், கரைவதற்கே உதவுபவை.

சல்பேட் போன்ற அயனி தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பெக் சங்கிலியும் அதே தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுத்தான் கரைந்திருக்கிறது. உப்பின் அளவு கூடக்கூட, சங்கிலியின் அருகே இருப்பது அயனிகளுக்குப் பாதகமாகிறது. ஒரு கட்டத்தில் பெக் தனக்கென்று ஒரு அடுக்கை எடுத்துக்கொண்டு மேலே போய்விடும், உப்பு கீழே தங்கிவிடும்.

பாலிமரே இல்லாமலும் இதைப் பார்க்கலாம். கிருமிநாசினியாக விற்கும் 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சாதாரண உப்பை நிறையப் போட்டு, மூடிக் குலுக்கி வைத்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே ஆல்கஹால் மிகுந்த அடுக்கு, அதிலும் ஓரளவு தண்ணீர் இருக்கும். கீழே உப்புக் கரைசல். எத்தனாலில் இதைச் செய்து ஏமாந்தவர்கள் அடிக்கடி எழுதிக் கேட்கிறார்கள். எத்தனால் தண்ணீரோடு இன்னும் நெருக்கமானது, அதைப் பிரிக்கச் சாதாரண உப்புக்கு வலு போதாது. பொட்டாசியம் கார்பனேட் போட்டால் பிரியும். இந்த ஆல்கஹால்கள் எளிதில் தீப்பிடிப்பவை, ஆகவே அருகில் நெருப்பு வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

சூடாக்கினால் கலந்துவிடும்தானே?

சில கலவைகளில் ஆமாம், சிலவற்றில் நேர் எதிர். அனுபவத்தால் நாம் எதிர்பார்ப்பது ஒரு வகையைத்தான். உதாரணம் ஃபீனாலும் தண்ணீரும்: அறை வெப்பநிலையில் இரண்டு அடுக்காக நிற்பவை, சுமார் 66 டிகிரி செல்சியஸுக்கு மேல் எந்த விகிதத்திலும் ஒன்றாகக் கலந்துவிடும்.

டிரைஎத்தில்அமீனும் தண்ணீரும் இதற்கு எதிர். சுமார் 18 டிகிரிக்குக் கீழே எந்த விகிதத்திலும் கலந்திருக்கும், அதற்கு மேல் சூடாக்கினால் பிரியும். குளிர்ந்த நிலையில் இந்த மூலக்கூறுகளைச் சுற்றித் தண்ணீர் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒழுங்காக அடுக்கி நிற்கிறது. அந்த ஒழுங்கு தண்ணீருக்கு என்ட்ரோபி நஷ்டம். வெப்பம் ஏறும்போது தண்ணீர் அந்தக் கட்டிலிருந்து விடுபடுவதே மொத்தக் கணக்கில் லாபமாகிறது, பிரிவு நடக்கிறது. பிரிவதற்கே என்ட்ரோபி காரணமாகும் இடம் இது. பாடப்புத்தகத்தில் "என்ட்ரோபி என்றால் கலைதல்" என்று மட்டும் படித்தவர்கள் இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

நிகோட்டினும் தண்ணீரும் இரண்டையும் செய்யும். சுமார் 61 டிகிரிக்குக் கீழே கலந்திருக்கும். அதற்கு மேலே ஒரு குறிப்பிட்ட விகித வரம்புக்குள் பிரியும். சுமார் 208 டிகிரிக்கு மேலே, ஆவியாகாமல் அழுத்தத்தில் வைத்திருந்தால், மறுபடி கலந்துவிடும். வரைபடத்தில் பிரியும் பகுதி மூடிய வளையமாக வரும். இந்தத் துறையில் நான் பார்த்த வரைபடங்களிலேயே அழகானது இதுதான் என்பேன்.

உயிருள்ள பொருளிலும் வெப்பநிலையின் இந்த விளையாட்டு உண்டு. கன்றுக்குட்டியின் கண் வில்லையைக் குளிரவைத்தால் வெண்மையாகக் கலங்கும். உள்ளிருக்கும் காமா கிரிஸ்டலின் புரதக் கரைசல், செறிவு கூடிய, குறைந்த இரண்டு திரவங்களாகப் பிரிவதே காரணம். சூடேற்றினால் மீண்டும் தெளிந்துவிடும்.

ஒரு பொருளை மேலும் மேலும் சேர்த்தால் அதன் அடுக்கு இன்னும் செறிவாகுமா?

ஆகாது. பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள், அதனால் எண்களோடு பார்ப்போம்.

ஃபீனால்-தண்ணீர் கலவையை 20 டிகிரியில் எடுத்துக்கொள்வோம். (கணக்குக்காகத்தான். ஃபீனால் தோலைப் புண்ணாக்கும் நஞ்சு, வீட்டில் தொட வேண்டாம்.) அந்த வெப்பநிலையில் தண்ணீர் அடுக்கில் எடைக்கணக்கில் சுமார் 8% ஃபீனாலும், ஃபீனால் அடுக்கில் சுமார் 72% ஃபீனாலும் இருக்கும். இப்போது மொத்தத்தில் 24% ஃபீனால் உள்ள 100 கிராம் கலவை செய்தால் என்ன ஆகும்? 24லிருந்து 8ஐக் கழித்தால் 16. 72லிருந்து 8ஐக் கழித்தால் 64. பதினாறு அறுபத்து நான்கில் கால் பங்கு. ஆக ஃபீனால் அடுக்கு 25 கிராம், தண்ணீர் அடுக்கு 75 கிராம். மொத்தத்தில் 40% இருந்தால்? 32ஐ 64ஆல் வகுத்தால் பாதி. ஆளுக்கு 50 கிராம். இரண்டு தடவையும் அடுக்குகளின் செறிவு அதே 8, அதே 72தான். மாறியது அடுக்குகளின் அளவு மட்டும்.

வில்லார்ட் கிப்ஸ் 1870களில் தந்த நிலைமை விதி சொல்வது இதைத்தான்: இரண்டு பொருள், இரண்டு திரவ நிலைமை, அழுத்தமும் வெப்பநிலையும் நிலையாக வைத்தாயிற்று என்றால், செறிவுகளை மாற்ற நம் கையில் எதுவும் மிச்சமில்லை. மொத்தம் 8க்குக் கீழே போனாலோ 72க்கு மேலே போனாலோ பிரிவே இருக்காது, ஒரே திரவம்தான்.

பெக், டெக்ஸ்ட்ரான், தண்ணீர் என்று மூன்று பொருள் வந்தால் ஒரு சுதந்திரம் கூடுகிறது. அப்போது வரைபடத்தில் பிரியும் பகுதிக்கு ஒரு வளைந்த எல்லையும், அதற்குள் சாய்ந்த இணைப்புக் கோடுகளும் இருக்கும். ஒரே கோட்டின் மேல் எங்கு கலவை செய்தாலும் அடுக்குகளின் செறிவு ஒன்றே; அடுத்த கோட்டுக்குத் தாண்டினால் மாறும். கோடுகள் சுருங்கிச் சுருங்கி முடியும் இடம் மாறுநிலைப் புள்ளி. அங்கே இரண்டு அடுக்குக்கும் வேறுபாடே இல்லாமல் போகிறது.

கரைசல் கலங்கினால் பிரிவு தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

உடனே முடிவு கட்டாதீர்கள். திடப்பொருள் வீழ்படிவாக இறங்கினாலும் கலங்கும், புரதம் கட்டி கட்டினாலும் கலங்கும். ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள். திரவத் துளிகள் என்றால் உருண்டையாக இருக்கும், இரண்டு தொட்டுக்கொண்டால் ஒன்றாகி மறுபடி உருண்டையாகும். வீழ்படிவு ஒழுங்கற்ற துகள்களாகத் தெரியும். தொட்டாலும் ஒட்டி நிற்குமே தவிர ஒன்றாகாது.

துளியாகத் தோன்றாமல் பின்னிப் பிணைந்த வலைபோலவும் சில சமயம் பிரிவு தொடங்கும். வரைபடத்தில் பிரியும் பகுதியின் எல்லைக்குச் சற்று உள்ளே இருந்தால் துளிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கருக்கொண்டு வளரும். ஆழமாக உள்ளே போய்விட்டால் கருவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சிறு ஏற்றத்தாழ்வும் தானே பெருகிக் கரைசல் முழுவதும் ஒரே நேரத்தில் பிரியத் தொடங்கும்.

அடுக்குகள் தெளிவாக ஏன் இத்தனை நேரம் ஆகிறது?

இரண்டு திரவத்தின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று, அதோடு பாலிமர் கரைசல் பாகுபோல இழுக்கும். பெக்-உப்புக் கலவை பெரும்பாலும் சில நிமிடங்களில் பிரிந்துவிடும். பெக்-டெக்ஸ்ட்ரான் அதைவிட மெதுவானது. அவசரமென்றால் மையவிலக்கு இயந்திரத்தில் லேசாகச் சுழற்றலாம்.

எல்லைப்பரப்பின் இழுவிசையும் மிகக் குறைவு. ஹெக்சேன் என்ற எண்ணெய் வகைக் கரைப்பானுக்கும் தண்ணீருக்கும் இடையே அது மீட்டருக்குச் சுமார் 50 மில்லிநியூட்டன். நீர்-நீர் அமைப்புகளில் அதைவிட ஆயிரம் மடங்கோ அதற்கு மேலோ குறையும். லேசாக அசைத்தாலே எல்லை நெளிந்து நுண்துளிகளாக உடைந்துவிடும்.

மேலே எது, கீழே எது?

அடர்த்தி குறைந்தது மேலே. பெக்-டெக்ஸ்ட்ரானிலும் பெக்-உப்பிலும் வழக்கமாகப் பெக் மேலே.

இதனால் என்ன பயன்?

உயிர்ப்பொருள்களைக் கெடுக்காமல் பிரிப்பது. ஒரு புரதத்தை எண்ணெய் வகைக் கரைப்பானில் போட்டால் அதன் மடிப்பு குலைந்து வேலை செய்யாமல் போகக்கூடும். இங்கே இரண்டு அடுக்கும் தண்ணீர், எல்லையின் இழுவிசையும் மென்மை, அதனால் புரதம் பிழைக்கிறது. குலுக்கி வைத்தபின் மேல் அடுக்கில் உள்ள செறிவைக் கீழ் அடுக்கின் செறிவால் வகுத்தால் கிடைப்பது பங்கீட்டுக் குணகம். புரதத்தின் பருமன், மின்சுமை, மேற்பரப்பின் தன்மை, உப்பின் வகை, அமிலத்தன்மை எல்லாம் அதை மாற்றும். பெரிய துகள்களுக்கு இந்தப் பாகுபாடு மிகக் கூர்மையாக இருக்கும். தாவர உயிரணுவை உடைத்து எடுத்த சவ்வுத் துண்டுகளைப் பெக்-டெக்ஸ்ட்ரானில் போட்டால், வெளிச்சவ்வு மேலே பெக்கை நாடிப் போகும், உட்சவ்வுகள் பெரும்பாலும் கீழேயும் எல்லையிலும் தங்கும். வெளிச்சவ்வைத் தூய்மையாக எடுக்க இது இன்றும் நம்பகமான வழி.

தொழிற்சாலை அளவில் உப்பு வகையே அதிகம் பேசப்படுகிறது, காரணம் டெக்ஸ்ட்ரானின் விலை. ஆனால் அவ்வளவு உப்பையும் பாஸ்பேட்டையும் கழிவுநீரில் விடுவது சரியல்ல. சிட்ரேட்டுக்கு மாறுபவர்களை நான் ஆதரிக்கிறேன், அது நுண்ணுயிர்களால் சிதையக்கூடியது.

எதிரெதிர் மின்சுமை உள்ள பாலிமர்கள் சேர்ந்தால்?

அது வேறு வகைப் பிரிவு. இதுவரை பார்த்ததில் இரண்டு பாலிமர்கள் ஆளுக்கொரு அடுக்குக்குப் போயின. இங்கே இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே அடுக்கில் குவிகின்றன. மற்ற அடுக்கில் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். ஜெலட்டினும் அரபிப் பிசினும் சேர்ந்து இப்படிச் செய்வதை ஆராய்ந்து, 1929ல் பங்கன்பெர்க் டி யாங், க்ரூய்ட் இருவரும் அந்தத் திரவத்துக்குக் கோஅசர்வேட் என்று பெயர் வைத்தார்கள்.

நேர்மின்னும் எதிர்மின்னும் ஈர்ப்பதுதான் காரணம் என்று தோன்றும். பாதி சரி. ஒவ்வொரு சங்கிலியும் முன்பு தன்னைச் சுற்றிச் சிறிய அயனிகளைப் பிடித்து வைத்திருந்தது. சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்ந்ததும் அந்த அயனிகள் விடுதலையாகித் தண்ணீரில் பரவுகின்றன. அவற்றின் என்ட்ரோபிதான் பெரிய லாபம். அதனால்தான் இங்கே உப்பு சேர்த்தால் பிரிவு மறைந்து கரைசல் தெளிகிறது: ஏற்கெனவே அயனிகள் நிறைந்த தண்ணீரில் இன்னும் கொஞ்சம் விடுதலையாவதால் பெரிய லாபமில்லை. பெக்கைப் பிரித்துத் தள்ளிய அதே உப்பு இங்கே சேர்த்து வைக்கிறது.

உயிரணுவுக்குள் இது நடக்கிறது என்கிறார்களே?

நடக்கிறது. 2009ல் கிளிஃபர்ட் பிராங்வின், ஆன்டனி ஹைமன் குழுவினர் ஒரு சிறு புழுவின் கருவில் பி-துகள்கள் என்றழைக்கப்படும் ஆர்என்ஏ-புரதத் திரள்களைப் பார்த்தார்கள். அவை உட்கருவின் மேல் சொட்டின, வழிந்தன, ஒன்றோடொன்று கலந்தன. திடத் துகளென்று எண்ணியிருந்தது திரவத்தைப்போல் நடந்துகொண்டது. சவ்வே இல்லாமல் உயிரணு தன் பொருள்களை எப்படித் தனித்தனியே வைத்திருக்கிறது என்ற பழைய கேள்விக்கு அது ஒரு வழி திறந்துவிட்டது. உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் இப்போது ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த, ஒன்றோடொன்று கலக்காத திரவங்களாகப் பார்க்கப்படுகிறது.

இந்தத் துளிகள் எப்போதும் திரவமாகவே இருப்பதில்லை. எஃப்யுஎஸ் என்ற புரதத்தின் துளிகள் சோதனைக் குழாயில் நேரம் போகப் போக இறுகி இழைகளாகின்றன. ஏஎல்எஸ் என்னும் நரம்பு நோயோடு தொடர்புள்ள மரபணு மாற்றம் இருந்தால் அது வேகமாக நடக்கிறது என்று 2015ல் காட்டினார்கள். உடலில் நோய் வருவதற்கு இதுவே காரணம் என்று அதிலிருந்து நேராகத் தாவிவிடக் கூடாது. உயிரணுவில் ஒரு உருண்டைப் புள்ளி தெரிந்தாலே "திரவப் பிரிவு" என்று எழுதிவிடும் பழக்கமும் பரவியிருக்கிறது. ஒன்றாகக் கலக்கிறதா, உள்ளிருக்கும் மூலக்கூறுகள் நகர்கின்றனவா, செறிவு ஒரு வரம்பைத் தாண்டியபின்தான் தோன்றுகிறதா என்று பார்த்த பிறகே அப்படிச் சொல்ல வேண்டும்.

ஆய்வகத்தில் நான் செய்த பெக்-டெக்ஸ்ட்ரான் கலவை பிரியவே இல்லை. எங்கே பார்ப்பது?

முதலில் மூலக்கூறு எடை. பெக் 8,000, டெக்ஸ்ட்ரான் 5 லட்சம் என்றால் எடைக்கணக்கில் 5 சதவீதமும் 7 சதவீதமும் போதும். குட்டையான சங்கிலிகளை எடுத்திருந்தால் அந்தச் செறிவு போதாது, கூட்ட வேண்டும். அடுத்து, எடையை எப்படி எடுத்தீர்கள்? டெக்ஸ்ட்ரான் பொடி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். நிறுத்த எடையில் ஒரு பகுதி தண்ணீராகவே இருந்திருக்கலாம். அப்புறம் வெப்பநிலை: பெக்-டெக்ஸ்ட்ரான் குளிரில் இன்னும் குறைந்த செறிவிலேயே பிரியும், ஆகவே எல்லையோரத்தில் இருக்கும் கலவையைக் குளிர் அறையில் வைத்துப் பாருங்கள். இவை எல்லாம் சரி, கரைசல் கலங்கலாக மட்டும் நிற்கிறது என்றால் பிரிவு நடந்துவிட்டது, துளிகள் இன்னும் இறங்கவில்லை. மையவிலக்கில் சில நிமிடம் சுழற்றினால் எல்லை தெரியும்.